ரெக்கார்டு என்பதற்குத் தமிழ்

தெலுக் பிளாங்கா, புளோக்கின் கீழ்த்தளம்.
கட்சிக் கிளையின் கதவுக்கு வெளியே
நீல நாற்காலிகள், காலியாக.
உள்ளே நான், ஒரு மடிக்கணினி,
ஆறிப்போன தே ஓ,
பன்னிரண்டு பக்கக் கையேடு:
பெண்களுக்காகக் கட்சி என்ன செய்தது.
நாளைக் காலை அச்சுக்குப் போகிறது.
எப்போதும்போலத் தமிழ்தான் கடைசி.

தலைப்பிலேயே நின்றுவிட்டேன்.
ரெக்கார்டு.
சாதனை என்று எழுதலாம்,
அது மாலை போட்டுக்கொண்டே வரும் சொல்.
பதிவு என்றும் எழுதலாம்.
காவல் நிலையத்தில் இருக்கும், பிரசவ விடுதியிலும் இருக்கும்,
நல்லது கெட்டது பார்க்காது.

"சாதனைதான், இதிலென்னம்மா குழப்பம்"
என்றார் கிளைச் செயலர் அருணகிரி, தொலைபேசியில்,
பின்னால் யாரோ மீன் பொரிக்கும் சத்தம்.

முதல் பக்கம் மாதர் சாசனம், அறுபத்தொன்று.
இதற்கு நானே மாலை கட்டுவேன்.
அம்மாவின் அத்தை பாக்கியத்தம்மாளுக்கு
மூன்று பெண் குழந்தைகள். அது போதாதா காரணம்?
நாகப்பட்டினத்திலிருந்து இன்னொருத்தியை வரவழைக்கக்
கப்பல் சீட்டு எடுத்துவிட்டார் மாமா.
சட்டம் வந்தது.
சீட்டைத் திருப்பிக் கொடுத்தார், பாதிப் பணம்தான் கிடைத்ததாம்.
மீதிப் பாதிக்காகச்
சாகும்வரை அரசாங்கத்தைத் திட்டினார்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு வரைபடம்.
நாடாளுமன்றத்தில் பெண்கள்.
எண்பத்து நான்கில் புறப்பட்டு ஏறுகிறது கோடு.
எழுபதிலிருந்து அதுவரை
ஒருத்திகூட அங்கே உட்காரவில்லை.
தொடங்காத கோட்டுக்கு மை செலவில்லை.

ஐந்தாம் பக்கம்: சமமான சலுகைகள்.
அம்மா அரசாங்க மருத்துவமனைத் தாதி,
முப்பத்தொரு வருஷம், பாதி இரவுப் பணி.
அதே வார்டில் வேலை பார்த்த ஆண் ஊழியர்
மனைவியின் மருந்துச் செலவில் பங்கு வாங்கினார்.
அப்பாவின் மருந்துக்கு அம்மாவால் வாங்க முடியவில்லை.
அவர் குடும்பத் தலைவராம்.
தலைவர் எப்படி ஒருத்தியைச் சார்ந்திருப்பார்?
இரண்டாயிரத்து ஐந்தில் மாற்றினார்கள்.
அப்பா நான்கில் போய்விட்டார்.
மாற்றினோம் என்கிறது கையேடு.
அது பொய்யில்லை.

திங்கட்கிழமை மக்கள் சந்திப்பில்
ஷர்மினிக்கு வீவகவுக்குக் கடிதம் எழுதினேன், நான்காவது முறையாக.
அவள் மகன் மேசைக்கடியில்
பேனாக்களை நிறம்வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான்.
"கணவர் பெயருக்குக் கோடு போடவா, காலியா விடவா?"
எனக்குத் தெரியவில்லை.
கனிவுடன் பரிசீலிக்கவும் என்று முடித்தேன்,
மூன்று முறை முடித்ததைப் போலவே.
அவளுக்கு எந்தப் பக்கமும் இல்லை.

ஹுவீ லிங் சாவியோடு வந்தாள்.
மகளிர் அணி. நாற்காலி அடுக்குவது அவள்,
பொட்டலம் கட்டுவது அவள்,
வாக்கு எண்ணும் இரவில் அழுவதும் அவள்.
தேர்தலில் நிற்கச் சொல்லி உன்னை யாரும் கேட்டதில்லையா என்றேன்.
"இருபத்திரண்டு வருஷமா நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன்,"
சிரித்தபடி விளக்கை அணைக்கப் போனாள்.
இன்னும் முடியவில்லை என்றேன்.

நள்ளிரவில் அனுப்பினேன்:
பெண்களும் கட்சியும், அறுபதாண்டுப் பதிவு.

அதை அவர்கள் மாற்றியிருக்கிறார்கள், எதிர்பார்த்ததுதான்.
சாதனை என்று மாற்ற நினைத்து
யாரோ, தமிழ் தெரியாத யாரோ,
எங்கிருந்தோ வெட்டி எங்கேயோ ஒட்டி...
ஐயாயிரம் பிரதிகள்,
மின்தூக்கிச் சுவர்களில், கடிதப் பெட்டிகளில்,
ஒவ்வொன்றிலும் ஓர் இரட்டைக் கொம்பு கூடுதலாக:

பெண்களும் கட்சியும்
அறுபதாண்டுச் சோதனை.

அருணகிரி கத்துகிறார்.
நீதானே, நீதானே என்கிறார்.
நானில்லை, சார்.
எனக்கு அவ்வளவு துணிச்சல் கிடையாது.